டிக்கியை அளந்துவிட்டு விலை பேசுங்கள்

வண்டி மேடை: வாசகர் கேள்வி பதில்

விடுமுறை நெருங்குவதால் வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: காரில் ஆட்கள் உட்கார இடம் இருக்கிறது, சைக்கிளுக்கும் நாய்க்கும் இடம் இல்லை. எனவே இந்த இதழில் அந்தக் கேள்விகள் மட்டும்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். 28 கிலோ எடையில் ஒரு ராஜபாளையம் நாய். பையனுக்கு 26 இன்ச் கியர் சைக்கிள், பெண்ணுக்கு 20 இன்ச். மாதம் இரண்டு தடவை கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டுக்குப் போவோம், கோடையில் கொடைக்கானல். ஆன்ரோடு 10 லட்சத்துக்குள் புது வண்டி வேண்டும். வீட்டில் எல்லோரும் எஸ்.யு.வி.தான் என்கிறார்கள். எதை வாங்கலாம்?
(காரைக்குடி வாசகி)

பதில்: எஸ்.யு.வி. வேண்டாம். 4 மீட்டருக்குள் வரும் எஸ்.யு.வி.களில் பலவற்றுக்குப் பின்கண்ணாடி சரிந்திருக்கும், டிக்கியின் வாசல் இடுப்பு உயரத்தில் இருக்கும். நாய் ஒவ்வொரு முறையும் அந்த உயரத்துக்கு எம்பிக் குதிக்க வேண்டும். ஏழெட்டு வயது ஆனதும் இடுப்பு மூட்டு அதைத் தாங்காது. உங்களுக்குத் தேவை செங்குத்தான பின்கதவும் தாழ்ந்த வாசலும் உள்ள பெட்டி வடிவ வண்டி.

விளம்பரத்தில் போடும் லிட்டர் கணக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். 20 × 10 × 5 சென்டிமீட்டர் கட்டைகளை, ஒன்று ஒரு லிட்டர் என்ற கணக்கில், மூலைமுடுக்கெல்லாம் அடுக்கி எண்ணும் முறை அது. சைக்கிள் மூலைமுடுக்கில் நுழையாது. டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். டிக்கி வாசலின் மிகக் குறுகிய அகலம், வாசலிலிருந்து மேல் சட்டம் வரை உயரம், சக்கர மேடுகளுக்கு இடையே உள்ள தூரம், பின்சீட்டை மடித்தால் முன்சீட்டின் முதுகு வரை நீளம் ஆகிய நான்கையும் குறியுங்கள். கடைசி அளவை எடுக்கும்போது முன்சீட்டில் ஓட்டுபவர் வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சீட்டை முன்னே தள்ளிவிட்டுக் காட்டும் நீளம் வீட்டுக்கு வந்ததும் 15 சென்டிமீட்டர் குறைந்துவிடும். சைக்கிளையே கொண்டுபோய் ஏற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது. விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

உங்கள் பட்ஜெட்டில் எங்கள் தேர்வு ரெனோ டிரைபர். நீளம் 4 மீட்டருக்குள்தான். மூன்றாம் வரிசை சீட்டுகள் இரண்டையும் தனித்தனியே கழற்றி வெளியே எடுத்துவிடலாம். அவை இருந்தால் டிக்கி 84 லிட்டர், எடுத்துவிட்டால் 625. கழற்றிய சீட்டை எங்கே வைப்பது என்பது சென்னை ஃபிளாட்காரர்களின் கவலை, நம் ஊர் வீடுகளில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பின்வரிசைகளுக்குத் தனி ஏ.சி. துவாரங்கள் உண்டு என்பது நாய்க்கு முக்கியம். குறையும் சொல்லிவிடுகிறோம்: எஞ்சின் 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன்தான். நான்கு பேர், நாய், மேலே சைக்கிள் என்று கொடைக்கானல் ஏறும்போது இரண்டாம் கியரிலேயே அதிக நேரம் போக வேண்டியிருக்கும். அவசரப்படாதவர்களுக்கு அது பெரிய குறை இல்லை.

இதைவிட நல்ல வண்டி மாருதி எர்டிகா. மூன்றாம் வரிசையை மடித்தால் 550 லிட்டர், இரண்டாம் வரிசையையும் மடித்தால் 803. 1.5 லிட்டர் எஞ்சின் மலையேற்றத்தில் திணறாது. ஆனால் 4 மீட்டரைத் தாண்டிய நீளமும் 1,462 சி.சி.யும் இருப்பதால் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சி.சி.க்குள் இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம்தான். அடிப்படை மாடல் எர்டிகாவுக்கே தமிழ்நாட்டின் 13 சதவீத சாலை வரியும் காப்பீடும் சேர்ந்தால் 10 லட்சத்தைத் தாண்டும். கூடுதலாக ஒரு லட்சம் புரட்ட முடியுமானால் யோசியுங்கள்.

எந்த வண்டியானாலும் நான்கு பேர், நாய், இரண்டு சைக்கிள் எல்லாவற்றையும் உள்ளேயே அடைக்க முடியாது. நாயையும் சைக்கிளையும் ஒரே இடத்தில் போடவும் கூடாது. பிரேக் அடித்தால் சைக்கிளின் பல்சக்கரம் நாயின் வயிற்றில்தான் போய் நிற்கும். டிக்கி நாய்க்கு, கூரை சைக்கிளுக்கு. இன்னொரு மலிவான வழி, கானாடுகாத்தானில் இரண்டு பழைய சைக்கிள்களை வாங்கிப் போட்டுவிடுவது. மாதம் இரண்டு தடவை ஏற்றி இறக்கும் வேலை மிச்சம்.

கேள்வி: சைக்கிள் கேரியரைப் பின்கதவில் மாட்டுவதா, கூரையில் மாட்டுவதா? பின்கதவில் மாட்டும் பட்டை கேரியர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது.
(தேவகோட்டை வாசகர்)

பதில்: டிக்கியில் நாய் போகிறது என்றால் பின்கதவு கேரியர் கூடாது. சைக்கிளை இறக்காமல் கதவைத் திறக்க முடியாது. விபத்தோ தீயோ ஏற்பட்டால் நாயை வெளியே எடுக்க வழியிருக்காது.

நாய் இல்லாவிட்டாலும் சிக்கல்கள் உண்டு. அந்தக் கேரியரின் கொக்கிகள் கதவின் இரும்பு விளிம்பைப் பிடிக்க வேண்டும். இப்போது பல கார்களில் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர்தான் இருக்கிறது, அதில் கொக்கி மாட்டினால் முதல் வேகத்தடையிலேயே விரிசல் விழும். நம் பக்கத்துச் செம்மண் தூசி கேரியரின் ரப்பர் மெத்தைக்கு அடியில் சிக்கினால் உப்புத்தாள் போலப் பெயின்டைத் தேய்த்துவிடும், எனவே மாட்டுமுன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைவது தனிக் குற்றம்.

அகலத்தையும் பாருங்கள். 26 இன்ச் சைக்கிளின் முழு நீளம் சுமார் 170 சென்டிமீட்டர். எர்டிகா, டிரைபர் இரண்டின் அகலமும் 173 சென்டிமீட்டரை ஒட்டித்தான். 29 இன்ச் என்றால் 180-ஐத் தாண்டி இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். சுமை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். முன்சக்கரத்தைக் கழற்றினால் இந்தத் தொல்லை தீரும்.

கூரை கேரியர்தான் மேல். வாங்குமுன் கூரைத் தண்டவாளம் எடை தாங்குமா, அழகுக்கு ஒட்டியதா என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள், பல மாடல்களில் அது வெறும் அலங்காரம். எடை வரம்பில் கேரியரின் சொந்த எடையும் சேரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பத்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி எல்லா நட்டையும் பட்டையையும் மறுபடி இறுக்குங்கள், முதல் குலுக்கலில் கட்டாயம் தளரும். நிமிர்த்தி வைத்த சைக்கிளோடு வண்டியின் உயரம் 2.8 மீட்டருக்கு வந்துவிடும். ரயில்வே சுரங்கப்பாதை, லாட்ஜ் போர்ட்டிகோ, உங்கள் வீட்டுக் கார் கொட்டகை மூன்றும் ஆபத்தானவை. உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதியில்தான் பெரும்பாலும் இடிக்கும்.

இரண்டு பேர் மட்டும் போகும் நாளில் சைக்கிளை உள்ளேயே வைக்கலாம். செயினைப் பின்புறத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் கியர் மாற்றி உள்பக்கம் ஒதுங்கும். முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். குயிக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழற்றும் நெம்பு) இல்லையென்றால் 15-ம் நம்பர் ஸ்பேனர் வேண்டும், சிலவற்றுக்கு 14. 26 இன்ச் சைக்கிள் இப்போது 140 சென்டிமீட்டருக்குள் அடங்கும். கியர் இருக்கும் பக்கம் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேட்களுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது பிரேக் லீவரை அழுத்திவிட்டால் பேட்கள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் திரும்ப நுழையாது. பெடலையும் கழற்றுவதானால், இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ்: கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் தம் பிடித்து மரையை அழித்தவர்கள் ஏராளம்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் உறவினரின் 2016 எர்டிகா டீசல், 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வருடத்தில் ஒரு மாதம் மட்டும் எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் வீட்டில்தான் நிற்கும். வாங்கலாமா?
(பள்ளத்தூர் வாசகர்)

பதில்: செட்டிநாட்டில் இப்படி முகப்பில் துணி போர்த்தி நிற்கும் கார்கள் நிறைய. ஓட்டம் குறைவு என்று மட்டும் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள். ஓடாத வண்டியும் கெடும், கெடும் இடங்கள்தான் வேறு.

முதலில் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2216 என்றால் 2016-ம் ஆண்டின் 22-வது வாரத் தயாரிப்பு. பட்டன் புதிதுபோல இருந்தாலும் அந்த டயரில் மதுரைக்குப் போகாதீர்கள். ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும், வேகத்தில் வெடிக்கும். ஐந்து டயர், பேட்டரி இரண்டையும் புதிதாகப் போடும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அடுத்து எலி. பானெட்டைத் திறந்து ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஓரம், ஏர் ஃபில்டர் பெட்டி, கூலன்ட் குழாய் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கையோ கடித்த ஒயரோ இருந்தால் ஒயரிங் முழுவதையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தேங்கிய டீசலில் ஈரம் சேர்ந்திருக்கும். டேங்கை வடித்து டீசல் ஃபில்டரை மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றுமே கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கிலும் மாற்ற வேண்டியவை, 14,000 என்று சும்மா விட்டிருப்பார்கள்.

ஏ.சி.யைப் பத்து நிமிடமாவது ஓட விட்டு இரண்டாம் வரிசைக் கூரைத் துவாரத்தில் கை வைத்துப் பாருங்கள். நெடுநாள் ஓடாத கம்ப்ரஸரின் சீல் காய்ந்து கேஸ் கசிந்திருக்கலாம்.

ஒன்று நினைவிருக்கட்டும்: இது முதல் தலைமுறை எர்டிகா, மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி 135 லிட்டர்தான். 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறையில் 209. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது, இருந்தாலும் அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக்குகள் காரைக்குடியில் தாராளமாக இருக்கிறார்கள். ஆர்.சி.யில் எச்.பி. (வண்டிக் கடன் பதிவு) நீக்கப்பட்டிருக்கிறதா என்றும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் உரிமையாளரே கையெழுத்திட்டாரா என்றும் பாருங்கள். உறவு என்பதால் இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த ஆண்டு அவர் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் லாப்ரடார் காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறது. சீட் முழுக்க முடி, நாற்றம் வேறு. என்ன செய்வது?
(கோட்டையூர் வாசகி)

பதில்: கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். முதலில் தெருமுனை வரை, பிறகு குன்றக்குடி வரை என்று தூரத்தைக் கூட்டிப் பழக்குங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள், மனிதர்களுக்கான மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

டிக்கியின் அடியில் 12 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை அளவாக வெட்டிப் போட்டு, மேலே சொரசொரப்பான ரப்பர் பாயை விரியுங்கள். மடித்த சீட்டுகளுக்கு இடையே கால் விழும் பள்ளத்தையும் பிளைவுட் மூடிவிடும். வழுக்காத தரை கிடைத்தால் நாயின் பதற்றம் பாதி குறையும், வாந்தியும் குறையும். முடிக்கு வேக்குவம் போடுவதற்கு முன் ஈரமான ரப்பர் கையுறையால் ஒரே திசையில் தடவுங்கள், உருண்டு திரண்டு வரும். நாற்றத்துக்கு ஃபினாயில் ஊற்றாதீர்கள், அது நாய்க்கு நஞ்சு. ஒரு பங்கு வெள்ளை வினிகரில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து துடைத்துக் கதவைத் திறந்து காயவிடுங்கள்.

கட்டும்போது கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது, பிரேக் அடித்தால் கழுத்து முறியும். மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போட்டு, இரண்டாம் சீட்டின் முதுகில் குழந்தை இருக்கைக்காக வைத்திருக்கும் டாப் டெதர் கொக்கியில் மாட்டுங்கள். டிக்கிப் பக்கவாட்டில் இருக்கும் சிறு கொக்கிகள் பை மாட்டத்தான். தடுப்பு வலையை கிரில் பட்டறையில் செய்யச் சொல்லலாம், ஆனால் காரின் உடம்பில் துளை போட விடாதீர்கள். ஹெட்ரெஸ்ட் கம்பிகளில் கிளாம்ப் போட்டால் போதும்.

வெயிலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளியே 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 45-ஐத் தாண்டும், அரை மணியில் 50-க்கு மேல். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. பிள்ளையார்பட்டியில் தரிசனம் என்றால் ஒருவர் நாயோடு மரநிழலில் நிற்கட்டும்.

கேள்வி: சி.என்.ஜி. வண்டி வாங்கினால் செலவு குறையுமே?
(திருமயம் வாசகர்)

பதில்: குறையும். ஆனால் எர்டிகாவிலும் வேகன் ஆரிலும் சிலிண்டர் உட்காருவது டிக்கியில்தான். நாயும் சைக்கிளும் ஏற்ற வேண்டியவர்கள் பெட்ரோலே வாங்குங்கள்.

கேள்வி: மாருதி ஈகோ போதாதா? விலை குறைவு, இடம் அதிகம்.
(புதுவயல் வாசகர்)

பதில்: ஊருக்குள் ஓட்ட, சந்தைக்குப் போக, நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஈகோ அருமையான வண்டி. ஐந்து சீட் மாடலில் பின்னால் தாராளமான இடம். தள்ளு கதவு என்பதால் குறுகிய சந்திலும் ஏற்றி இறக்கலாம். ஆனால் எஞ்சின் முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, மே மாதத்தில் சூடு தெரியும். ஏ.சி. காற்று முன்னாலிருந்துதான் வர வேண்டும், டிக்கியில் படுத்திருக்கும் நாய்க்குப் போய்ச் சேராது. அகலம் 1,475 மில்லிமீட்டர்தான் என்பதால் முழு சைக்கிளைக் குறுக்கே வைக்கவும் முடியாது. காரைக்குடியைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் உங்கள் ஓட்டம் என்றால் வாங்குங்கள். நாயை இரண்டாம் வரிசையின் கால் வைக்கும் தரையில் படுக்க வைத்தால் முன்னாலிருந்து வரும் காற்றாவது கிடைக்கும்.