லூயிவில் கூடைப்பந்து 2024–25: இந்த வருடம் எதை எதிர்பார்க்கலாம்? (கேள்வி பதில்)

இதை 2024 அக்டோபர் நடுவில் எழுதுகிறேன். நவம்பர் 4-ஆம் தேதி மோர்ஹெட் ஸ்டேட் அணியோடு முதல் ஆட்டம். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் பல்கலைக்கழகத்தின் கார்டினல்ஸ் அணியைப் பற்றி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் கேஎஃப்சி யம் சென்டர் 2010-இல் திறந்ததிலிருந்து அங்கே போய்வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எத்தனை ஜெயிப்போம்?

பத்தொன்பது. நாம் ஆடும் கல்லூரி லீக்கான ஏசிசியின் இருபது ஆட்டங்களில் பதினொன்று, லீக்குக்கு வெளியே உள்ள அணிகளோடு எட்டு. இருபத்து மூன்று என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பலித்தால் முதலில் சந்தோஷப்படுபவன் நான்தான்.

நான் இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இந்த அணியின் பேச்சை எடுத்தாலே ஆபீஸில் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். அப்படி என்ன நடந்தது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டென்னி கிரம் பயிற்சியாளராக இருந்தபோது 1980, 1986 என இரண்டு தேசியப் பட்டங்கள். ரிக் பிட்டினோ காலத்தில் 2013-இல் மூன்றாவது. வீரர்களைச் சேர்ப்பதில் நடந்த முறைகேடுகள் வெளியே வர, 2017-இல் பிட்டினோ போனார். 2018-இல் அந்த 2013 பட்டத்தையே, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு செல்லாது என்று அறிவித்தது. அரங்கத்தின் கூரையிலிருந்து அந்தப் பதாகையை இறக்கினார்கள். கண்ணால் பார்த்த வெற்றியை ஏட்டிலிருந்து அழித்தால் எப்படி இருக்கும்? இந்த ஊருக்கு அந்த வலி இன்னும் ஆறவில்லை.

1986-இல் பட்டம் வென்ற அணியில் ஆடிய கென்னி பெய்ன் 2022-இல் பயிற்சியாளராக வந்தபோது, வீட்டுப் பிள்ளை திரும்பிவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதல் சீசனில் முதல் மூன்று ஆட்டங்களையும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அதில் முதல் தோல்வி இதே ஊரின் சின்னக் கல்லூரியான பெல்லார்மினிடம். தொடர்ந்து ஒன்பது தோல்வி. சீசன் முடிந்தபோது 4 வெற்றி, 28 தோல்வி. அடுத்த வருடம் 8 வெற்றி, 24 தோல்வி. இந்த மார்ச்சில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

தோல்வியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. போன டிசம்பரில் அர்கன்சாஸ் ஸ்டேட்டிடம் தோற்ற அன்று மேலடுக்கில் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கம். என் வரிசையில் நானும் என் மகனும் மட்டும். கீழே ஷூ தரையில் உரசுகிற கீச்சுச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. "அப்பா, கோச் கத்துவது இங்கேயே கேட்கிறது" என்றான் மகன்.

போன வருட அணியில் ஒருவர்கூட இல்லை. எல்லாம் புது முகம். இவர்கள் எப்படி ஒரு அணியாக ஆடுவார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதுதான் சரியான கேள்வி. போன வருடம் ஸ்காலர்ஷிப்பில் ஆடிய எல்லோரும் போய்விட்டார்கள். இப்போதைய விதிப்படி படிப்பில் தகுதி இருந்தால் ஒரு வீரர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியதில்லை. அதனால் ஒரே கோடையில் முழு அணியையும் கட்டிவிடலாம். ஆளைச் சேர்ப்பது சுலபமாகிவிட்டது, ஆட்டத்தைச் சேர்ப்பது அப்படியில்லை.

ஆனாலும் மூன்று விஷயங்கள் எனக்குத் தெம்பு தருகின்றன. ஒன்று, புதிய பயிற்சியாளர் பேட் கெல்சி சார்ல்ஸ்டன் கல்லூரியிலிருந்து வரும்போது அங்கே தன்னிடம் ஆடியவர்களையும் கூட்டி வந்திருக்கிறார். ஆஸ்திரேலியாக்காரர் ரெய்ன் ஸ்மித், நடுவில் நிற்கும் ஜேம்ஸ் ஸ்காட் இருவருக்கும் அவருடைய ஆட்டம் அத்துப்படி. புதிதாக வந்தவருக்கு "இந்த இடத்தில் நில்" என்று சொல்லிக்கொடுக்க உள்ளேயே ஆள் இருக்கிறது.

இரண்டாவது, பஹாமாஸ் பயணம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு கல்லூரி அணி வெளிநாடு போய் ஆடலாம். அதற்கு முன்பு பத்து நாள் கூடுதல் பயிற்சிக்கு அனுமதி உண்டு. ஒருவரை ஒருவர் அறியாத பதின்மூன்று பேருக்கு அந்தப் பத்து நாள் பெரிய வரம்.

மூன்றாவது, வந்திருப்பவர்கள் பச்சைப் பிள்ளைகள் இல்லை. சக்கி ஹெப்பர்ன் விஸ்கான்சினில் மூன்று வருடம் தொடக்க ஐவரில் ஆடியவர். டெரன்ஸ் எட்வர்ட்ஸ் ஜேம்ஸ் மேடிசனில் ஆடி, தன் லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். இந்த மார்ச்சில் தேசியப் பட்டத்துக்கான என்சிஏஏ போட்டியின் முதல் சுற்றில் இவர்கள் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். ஜேம்ஸ் மேடிசன் 72–61 என்று விஸ்கான்சினை வீட்டுக்கு அனுப்பியது. ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் ஒரே சிவப்புச் சட்டையில்.

அப்புறம், பிப்ரவரியில் ஆடப்போகும் அணியை நவம்பரில் பார்க்க முடியாது. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெல்சி என்சிஏஏ போட்டியில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லையே? எந்த தைரியத்தில் நம்புவது?

உண்மைதான், ஜெயித்ததில்லை. ஆனால் அவர் முன்பு பயிற்சி கொடுத்த வின்த்ராப், சார்ல்ஸ்டன் போன்ற இடங்களிலிருந்து அந்தப் போட்டிக்குள் நுழைவதே பெரும்பாடு. லீக் கோப்பையை வென்றால்தான் கதவு திறக்கும். அதை அவர் திரும்பத் திரும்பச் செய்தார். 2022–23-இல் சார்ல்ஸ்டன் 31 வெற்றி, 4 தோல்வி. அந்த வருடம் சான் டியேகோ ஸ்டேட்டிடம் ஆறு புள்ளியில் தோற்றார்கள். இந்த வருடம் அலபாமாவிடம் 109–96. அவரைத் தோற்கடித்த இரண்டு அணிகளும் அந்தந்த வருடம் கடைசி நான்கு வரை போனவை. அதையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அவருடைய ஆட்டம் எப்படி என்றால், வேகம். எறிகிற பந்துகளில் பாதிக்கு அருகே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து வரும். தவறினால், திரும்பி வரும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்ட்) ஓடுவார்கள், ஒன்பது பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்குவார். கடந்த இரண்டு வருடம் தளர்ந்த தோள்களைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இதுவே மருந்து. ஆனால் மூன்று புள்ளி விழாத ராத்திரிகளும் வரும். அன்றைக்கு இருபது புள்ளியில் தோற்போம். அதைப் பார்த்து "பழைய கதைதான்" என்று முடிவுகட்டாதீர்கள்.

மார்ச்சில் நடக்கும் என்சிஏஏ போட்டிக்குப் போவோமா?

விளிம்பில் இருப்போம். 68 அணிகளில் 31 இடம் லீக் கோப்பை வென்றவர்களுக்கு, மீதி 37 இடத்தைத் தேர்வுக்குழு பார்த்துக் கொடுக்கும். போன வருடம் ஏசிசிக்குக் கிடைத்தது ஐந்தே இடம். இப்போது ஸ்டான்ஃபோர்ட், கலிஃபோர்னியா, எஸ்எம்யூ சேர்ந்து லீக்கில் பதினெட்டு அணிகள்.

ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். தரவரிசையில் முதல் 30-க்குள் இருக்கும் அணியைச் சொந்த அரங்கில் வெல்வதும், முதல் 75-க்குள் இருக்கும் அணியை அவர்கள் ஊரில் போய் வெல்வதும் குழுவின் பார்வையில் ஒரே ரகம். அதனால் ஜனவரியில் பெயர் தெரியாத ஊரில் கிடைக்கும் வெற்றி, இங்கே டியூக் போன்ற பெரிய அணியை வெல்வதற்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. நாம் கடைசியாக அந்தப் போட்டிக்குப் போனது 2019-இல். அதில் கடைசியாக ஒரு ஆட்டம் ஜெயித்தது 2017-இல்.

நம் பரம எதிரியான கென்டக்கி பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் எப்படி இருக்கும்?

டிசம்பர் 14, அவர்கள் ஊரான லெக்சிங்டனில். அங்கேயும் புதுப் பயிற்சியாளர், முழுக்கப் புது அணி. இருவருமே அன்றைக்குள் எந்த அளவு தேறியிருப்பார்கள் என்பதுதான் விஷயம். இப்போதே ஆரூடம் சொன்னால் அது வெறும் வாய்ச்சொல்.

அலி கலீஃபா எப்போது ஆடுவார்? அவர் பாஸ் கொடுக்கும் அழகுக்காகவே காத்திருக்கிறேன்.

இந்த வருடம் இல்லை. முழங்கால் குணமாக வெளியே இருக்கிறார். எனக்கும் வருத்தம்தான். பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு நுணுக்கமாகப் பந்தைக் கொடுப்பவர்கள் அபூர்வம்.

பயிற்சி ஆட்டங்களைப் பொருட்படுத்த வேண்டுமா?

பொதுவாக வேண்டாம் என்பேன். ஆனால் 2022 அக்டோபரில் லெனோர்-ரைன் என்ற இரண்டாம் நிலைக் கல்லூரியிடம் தோற்றோம், 2023-இல் கென்டக்கி வெஸ்லியனிடம். இரண்டு தடவையும் "வெறும் பயிற்சி ஆட்டம்தானே" என்று என் மகனுக்குச் சமாதானம் சொன்னேன். இரண்டு தடவையும் சீசன் அப்படியே போனது. இந்த முறை நன்றாக ஜெயித்தால் அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். திணறினால் மட்டும் கவனியுங்கள்.

டிக்கெட் வாங்கலாமா, அண்ணா? இரண்டு குழந்தைகள், செலவு யோசனையாக இருக்கிறது.

வாங்குங்கள். நவம்பர் 22 வின்த்ராப் ஆட்டம் குடும்பத்துக்கு நல்லது. கெல்சி முன்பு பயிற்சி கொடுத்த கல்லூரி, டிக்கெட்டுக்கும் அடிபிடி இருக்காது.

என் எதிர்வீட்டுப் பெரியவர் கிரம் காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருந்தவர். போன வருடம் விட்டுவிட்டார். செப்டம்பரில் ஒருநாள் பார்த்தால், கராஜில் கிடந்த சிவப்புக் கொடியைத் துவைத்து வாசல் கம்பியில் காயப்போட்டிருந்தார். ஓரம் கொஞ்சம் நைந்திருந்தது. "வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினார், தனக்கும் பேரனுக்கும்.

முதல் உண்மையான சோதனை எது? அதில் எதைப் பார்க்க வேண்டும்?

நவம்பர் 9, டென்னிசி இங்கே வருகிறது. ரிக் பார்ன்ஸின் அணிகள் தடுப்பாட்டத்தில் முரட்டுத்தனமானவை. எதிராளிக்கு மூச்சுவிட இடம் தராது. தோற்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டாமல், முதல் பத்து நிமிடம் ஹெப்பர்னை மட்டும் பாருங்கள். நெருக்கும்போது பந்தை நிதானமாக நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவருகிறாரா? மற்ற நால்வரும் அவருக்கு வழி தர நகர்கிறார்களா, அல்லது நின்று வேடிக்கை பார்க்கிறார்களா? பிறகு இரண்டாம் பாதியில் பன்னிரண்டு புள்ளி பின்தங்கி நிற்கும்போது யார் தரையில் விழுந்து பந்தைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். 112-ஆம் பிரிவுக்கு மேலே, சிவப்புத் தொப்பியோடு நானும் மகனும் இருப்போம். ஆட்டம் முடிந்ததும் வாருங்கள், பேசலாம்.