மேம்பாலம் கட்டினால் நெரிசல் குறையுமா? சந்திப்பில் நின்று வண்டிகளை எண்ணியவனின் பதில்

கேள்வி: வேகமாக வளரும் நகரத்தில் நெடுஞ்சாலைகளை எப்படி மேம்படுத்துவது? சாலைகளை அகலப்படுத்தி, முக்கியச் சந்திப்புகளில் மேம்பாலம் கட்டினால் நெரிசல் தீர்ந்துவிடாதா?

தீராது. இதைக் கேட்டவர் தினமும் காலையில் ஏதோ ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் நின்றபடி முன்னால் இருக்கும் வண்டியின் எண் பலகையை மனப்பாடம் செய்பவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். மேம்பாலம் வருவதற்கு முன் சிக்னலில் நின்றீர்கள். இப்போது அதே நேரம், கொஞ்சம் உயரத்தில் நிற்கிறீர்கள்.

நான் நெடுஞ்சாலைப் பொறியாளன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் யாராவது வந்து என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பார்கள். போக்குவரத்து ஆய்வு நடத்தும் ஒரு நிறுவனத்துக்காகச் சந்திப்புகளில் நின்று வண்டிகளை எண்ணியவன். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் கேமரா செய்துவிடுகிறது. அன்று ஆள்தான். அட்டையில் கிளிப் போட்டு ஒரு படிவம் தருவார்கள். இடது ஓரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். மேலே இருசக்கர வாகனம், கார், பஸ், லாரி, சைக்கிள் என்று வகைகள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நான்கு கோடு போட்டபின் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். நேராகப் போகிறவற்றை எண்ண ஒருவர், திரும்புகிறவற்றை எண்ண இன்னொருவர். வெயிலில் தலையைத் தூக்காமல் கோடு போட்டுக்கொண்டிருந்தால் சாயங்காலம் கண்ணை மூடினாலும் சக்கரங்கள் ஓடும்.

அந்தப் படிவத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எண்ணிக்கையை அலுவலகத்தில் ‘கார் அலகு’க்கு மாற்றுவார்கள். பஸ் என்றால் பல கார்களுக்குச் சமம், இருசக்கர வாகனம் என்றால் சுமார் பாதிக் கார். சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு இது சரியான கணக்குத்தான். ஆனால் அந்த பஸ்ஸுக்குள் 60 பேர் இருக்கிறார்கள் என்பதை எழுத எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. ஆக, அந்தத் தாளைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு பஸ் என்பது வழியை அடைக்கும் பெரிய வண்டி, அவ்வளவே.

இனி என் கதை. நெடுஞ்சாலை நகரத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு நாற்சந்தி. ஒவ்வொரு பக்கமும் மூன்று தடங்கள். காலையில் நகருக்குள் போகும் பக்கத்தில் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். அங்கே மேம்பாலம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நாங்கள் எடுத்த கணக்கு அந்த முடிவின் பின்னால் கோக்கப்பட வேண்டிய தாள், அவ்வளவுதான். எனக்கு அது அப்போது தெரியாது. கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள் என்று நம்பி ஒரு கோடு விடாமல் எண்ணினேன்.

பச்சை விழுந்தால் தடையில்லாத ஒரு தடத்தில் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒரு கார் நிறுத்தக் கோட்டைத் தாண்டும். 40 விநாடி பச்சைக்கு 20 கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்திப்பில் நடுத்தடம் மட்டும்தான் அப்படி ஓடியது. நடுத்தடுப்பை ஒட்டிய தடத்தில், எதிரே வரும் வண்டிகளை வெட்டித் திரும்ப வேண்டிய கார் ஒன்று நின்றுவிடும். அதன் பின்னால் நேராகப் போக வேண்டியவர்களும் சேர்ந்து நிற்பார்கள். ஓரத் தடத்தின் கதை இன்னும் மோசம். நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் பஸ் நிறுத்தம். சிவப்பில் வந்து சேரும் பஸ்ஸால் முன்னால் நிற்கும் கார்களைத் தாண்டி நிறுத்தத்துக்குப் போக முடியாது. பச்சை விழுந்ததும் மெல்ல நகர்ந்து நிறுத்தத்துக்கு வரும். அங்கே ஆட்களை ஏற்றும். கடைசி ஆள் படியில் காலை வைக்கும்போது மீண்டும் சிவப்பு. பின்னால் இருப்பவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு நடுத்தடத்துக்குள் மூக்கை நுழைப்பார்கள். அதோடு நடுத்தடமும் போயிற்று. காகிதத்தில் மூன்று தடச் சாலை. பச்சை எரியும் நேரத்தில் ஒற்றைத் தடச் சாலை.

“சார், பஸ் நிறுத்தத்தைச் சந்திப்புக்கு அந்தப் பக்கம் மாற்றினால் போதும் போலிருக்கிறது” என்று எங்கள் பொறியாளரிடம் சொன்னேன். “தம்பி, உங்களை எண்ணுவதற்குத்தான் நிறுத்தியிருக்கிறோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிக்காமல் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு வந்து மேம்பால வேலை தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் அங்கே பணியில் இருந்த போக்குவரத்துக் காவல் அதிகாரி ஒருவர் என்னிடம் இருந்த வண்டிக் கணக்கின் நகலை வாங்கிப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சில வாரங்களில் பஸ் நிறுத்தப் பலகை சந்திப்பைக் கடந்த பிறகு வரும்படி மாறியிருந்தது. நடுத்தடுப்பின் ஓரத்தைக் கொஞ்சம் உடைத்து, திரும்பும் வண்டிகள் ஒதுங்கி நிற்க ஒரு பை போல இடம் விட்டிருந்தார்கள். அவற்றுக்குத் தனியாகச் சில விநாடிகள் பச்சையும் கொடுத்தார்கள். பெட்ரோல் பங்க்கைத் தாண்டி நின்றுகொண்டிருந்த வரிசை அதில் பாதி தூரத்திலேயே முடிந்தது. சிமெண்ட் மூட்டை ஒன்றிரண்டு, ஒரு பெயிண்ட் டப்பா, ஒரு பலகை. இவ்வளவுதான் செலவு. பஸ் பயணிகள் சிலர் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது என்று திட்டினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பிறகு வழக்கு முடிந்து மேம்பாலமும் வந்தது. அதன் இறக்கம் அடுத்த சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் தரையைத் தொடுகிறது. மேலிருந்து வருகிறவர்களும் அணுகுசாலையிலிருந்து வருகிறவர்களும் அங்கே ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். முதல் சந்திப்பின் வரிசை இரண்டாவது சந்திப்புக்குக் குடிபெயர்ந்தது. திறப்பு விழாப் படத்தில் பாலம் அழகாகத்தான் இருந்தது.

உடனே என்னை மேம்பால எதிரி என்று முத்திரை குத்த வேண்டாம். ரயில்வே கேட் இருக்கும் இடத்தில் பாலமோ சுரங்கப்பாதையோ வேண்டியதுதான். நகரத்துக்குள் வேலையே இல்லாத லாரிகள் கடந்துபோக ஒரு வழி வேண்டும் என்பதும் சரி. நான் சொல்வது ஒன்றே ஒன்று: நெரிசல் இருப்பது சாலையின் நீளத்தில் அல்ல, அதன் இடுக்கில். இடுக்கு எங்கே என்று தெரியாமல் மற்ற இடங்களை அகலப்படுத்தினால் வண்டிகள் அந்த இடுக்குக்கு இன்னும் சீக்கிரமாக வந்து சேரும்.

அகலப்படுத்தினால் என்ன ஆகும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அந்தோணி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் 1962-லேயே எழுதிவிட்டார்: நகரத்து விரைவுச் சாலையில் உச்ச நேரப் போக்குவரத்து அந்தச் சாலையின் கொள்ளளவு வரை ஏறி நிரம்பிவிடும். காரணம் எளிது. நெரிசலுக்குப் பயந்து விடியற்காலையில் கிளம்பியவர் இனி எட்டு மணிக்குத்தான் கிளம்புவார். சந்துகளில் சுற்றியவர் நேர்வழிக்கு வருவார். பஸ்ஸில் போனவர் காரை எடுப்பார். டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் இருவர் 2011-ல் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் எந்த விகிதத்தில் கூடியதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடிய தூரமும் கூடியிருந்தது. ஹூஸ்டன் நகரத்தின் கேட்டி நெடுஞ்சாலையை 2008-ல் விரிவாக்கி முடித்தார்கள். அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள். சில ஆண்டுகளிலேயே அங்கே உச்ச நேரப் பயணம் மறுபடி இழுக்கத் தொடங்கிவிட்டது. ‘மக்கள்தொகை கூடியது, அதனால்தான்’ என்பீர்கள். கூடியதுதான். வளரும் நகரத்தைப் பற்றித்தானே கேள்வியே! அதிகம் பேர் பயணம் செய்ய முடிகிறது என்பது லாபம், மறுக்கவில்லை. நெரிசல் தீரும் என்று சொல்லி அதை விற்காதீர்கள்.

அப்படியானால் வேறு என்ன செய்வது? பணம் குறைவாகப் பிடிக்கும் வேலைகள்தான் எனக்குப் பிடித்தவை. விரைவுச் சாலையில் ஏறும் சரிவுகளில் ஒரு சிக்னல் வைத்து, வண்டிகளைக் கும்பலாக விடாமல் ஒவ்வொன்றாக விடுவது அவற்றில் ஒன்று. அமெரிக்காவின் மின்னியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் இப்படி நானூறுக்கும் மேற்பட்ட சிக்னல்கள் இருந்தன. காத்திருப்பவர்களுக்கு எரிச்சல். சட்டமன்றத்திலேயே பிரச்சினை கிளம்பி, 2000-ம் ஆண்டு ஆறு வாரம் எல்லாவற்றையும் அணைத்து வைத்துச் சோதித்தார்கள். சாலை தாங்கிய வண்டிகளின் எண்ணிக்கை 9 சதவீதம் விழுந்தது. பயண நேரம் 22 சதவீதம் கூடியது. விபத்துகள் 26 சதவீதம் கூடின. சிக்னல்கள் மறுபடி எரிந்தன, ஆனால் சரிவில் யாரும் நான்கு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. மக்கள் பட்ட எரிச்சலிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று பொருள்.

கட்டணம் பற்றிச் சொன்னால் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வைத்தது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2006-ல் ஏழு மாதம் சோதனையாக வைத்தபோது, கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. தொடக்கத்தில் எதிர்த்த நகரம், அனுபவித்துப் பார்த்த பிறகு வாக்கெடுப்பில் ஆதரித்தது. 2007 முதல் அது நிரந்தரம். ஆனால் அங்கே சோதனைக்கு முன்பே கூடுதல் பஸ்களை ஓடவிட்டார்கள். பஸ்ஸே இல்லாத நகரத்தில் கட்டணம் மட்டும் வைத்தால் அது அபராதம்.

பஸ்ஸுக்குத் தனித் தடம் கொடுத்தால் ‘காலியாகக் கிடக்கிறது பார்’ என்று காரில் இருப்பவர்கள் சொல்வார்கள். விரைவுச் சாலையின் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 கார்கள் போகலாம். காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் 3,000 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 3,600 பேர். இரண்டு பஸ்களுக்கு நடுவே ஒரு நிமிடம் தடம் காலியாகத்தான் தெரியும். காலியாகத் தெரிவதால்தான் அடுத்த பஸ் நிற்காமல் வருகிறது.

இடையில் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். அந்த நிறுவனத்தை விட்டு வந்தபோது பணி அனுபவச் சான்றிதழ் கேட்டேன். நான் அவர்களுடைய நேரடிப் பணியாளன் இல்லையாம், துணை ஒப்பந்ததாரரின் ஆளாம். துணை ஒப்பந்ததாரரிடம் போனால் அவர் தன்னிடம் முத்திரையே இல்லை என்றார். ஆனால் நான் போட்ட கோடுகள் அவர்களுடைய வழவழப்பான அறிக்கையின் பின்னிணைப்பில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரு தாளுக்காக அத்தனை முறை படியேற விட்டவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எனக்கும் தெரியும்.

கடைசியாக, புறவழிச்சாலை. வளரும் நகரத்துக்கு இதுதான் முக்கியம், யாரும் கண்டுகொள்வதும் இல்லை. புறவழிச்சாலை திறந்த நாளில் காற்றாகப் போகலாம். பிறகு அதன் ஓரத்தில் கிடங்கு வரும், பள்ளி வரும், கல்யாண மண்டபம் வரும். ஒவ்வொன்றும் நேரே சாலையில் திறக்கும் வாசல் கேட்கும். சுற்றிப் போக மனமில்லாமல் நடுத்தடுப்பில் ஒரு திறப்பும் கேட்கும். ஒவ்வொரு திறப்பும் ஒரு சந்திப்பு. பத்து திறப்பு வந்துவிட்டால் அது புறவழிச்சாலை இல்லை, இன்னொரு கடைத்தெரு. பிறகு அதற்கும் வெளியே இன்னொரு புறவழிச்சாலைக்கு நிலம் தேடுவார்கள். அணுகுசாலையை முதலிலேயே போட்டு, பிரதான சாலையில் ஏறவும் இறங்கவும் குறிப்பிட்ட இடங்களை மட்டும் விட்டு, பின்னால் யார் வந்து கேட்டாலும் தடுப்பை உடைக்காமல் இருந்தால் அந்தச் சாலை பல பத்தாண்டுகள் உழைக்கும்.

உங்கள் நகரத்தில் புதிய சாலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். எத்தனை தடம் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் வரைபடத்தை விரிக்கச் சொல்லி, நடுத்தடுப்பில் எத்தனை திறப்பு, பாலத்தின் இறக்கம் அடுத்த சிக்னலிலிருந்து எவ்வளவு தூரம், பஸ் நிறுத்தம் நிறுத்தக் கோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால் திட்ட அறிக்கையின் பின்னிணைப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் யாரோ ஒருவர் வெயிலில் நின்று எண்ணிய கணக்கு இருக்கும்.