குஷிங்கின் தாள்கள் – ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மருந்தியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இதுவரை இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி மட்டுமே வேலை செய்துவந்தேன். இப்போது என் நெறியாளர், கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோயில் கட்டிக்குள் முளைக்கும் இரத்தக் குழாய்களை ஆராயும் திட்டமொன்றில் சேரச் சொல்கிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும் என நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். இதய நோய்க்குச் செய்யும் வேலையின் பலன் கண்ணெதிரே தெரிகிறது. அந்தப் புற்றுநோயிலோ நோயாளிகள் எப்படியும் இறந்துவிடுகிறார்கள், அதில் உழைத்து என்ன பயன் என்றும் தோன்றுகிறது. துறை மாறியவனை நாளை வேலைக்கு எடுப்பார்களா? இத்துறைக் கலைச்சொற்களுக்குத் தமிழில் நல்ல அகராதி உண்டா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். வேலைக்கு எடுப்பார்களா என்பதை எடுப்பவர்களிடம் கேளுங்கள். அகராதியைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

முதலில் உங்களைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "எப்படியும் இறந்துவிடுகிறார்கள்" என்று ஓர் ஆய்வு மாணவர் எழுதலாமா? 2005-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கதிர்வீச்சு மட்டும் பெற்ற கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளில் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். அதனுடன் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் பெற்றவர்களில் இருபத்தாறு பேர். நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் கூடியது 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதத்துக்குத்தான். இந்த இரண்டரை மாதம் உங்களுக்குச் சிறியதாகத் தெரியலாம். நூற்றில் கூடுதலாகப் பிழைத்திருந்த அந்தப் பதினாறு பேரின் வீட்டில் போய் அது சிறியது என்று சொல்லிப் பாருங்கள். பலன் கண்ணெதிரே தெரிகிற இடத்தில் மட்டுமே உழைப்பேன் என்பவர் ஆய்வுக்கு வந்திருக்கவே வேண்டாம். இதைக் கடுமையாகச் சொல்வது உங்கள் மேல் மதிப்பு இருப்பதால்தான். கடிதத்தின் மற்ற வரிகளில் உழைக்கிற மனிதரொருவர் தெரிகிறார்.

இனி குஷிங். இவர் 1869-இல் கிளீவ்லாந்தில் பிறந்தவர். மூளை அறுவையைத் தனித் துறையாக நிலைநிறுத்தியவர் என்றே உலகம் இவரை அறியும். ஆனால் இவருடைய வாழ்க்கை மூளையில் தொடங்கவில்லை, ஒரு நோயாளியின் நாடியில் தொடங்கியது. பாஸ்டனில் மருத்துவ மாணவராக இருந்தபோது, அக்கால வழக்கப்படி முறையான பயிற்சி ஏதுமின்றி, அறுவைக்கு வந்த ஒருவருக்கு ஈதர் கொடுத்து மயக்கும் பொறுப்பு இவரிடம் தரப்பட்டது. அந்த நோயாளி மேசையிலேயே இறந்துபோனார். மருத்துவத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணுமளவுக்கு அந்த மரணம் அவரை உலுக்கியது. அவர் விடவில்லை. உடன் படித்த எர்னஸ்ட் காட்மனோடு சேர்ந்து, 1894-இல், ஈதர் பெறுபவரின் நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தாளில் குறித்துவைக்கத் தொடங்கினார். அறுவைக் கூடத்தில் நோயாளியின் நிலையைத் தொடர்ந்து எழுதிவைக்கும் வழக்கத்தின் தொடக்கங்களுள் அந்தத் தாள் ஒன்று. காட்மன் பின்னாளில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துப் பதிய வேண்டும் என வாதாடி, சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். அது தனிக் கதை.

1900-இல் ஐரோப்பாவுக்குப் போன குஷிங், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கரின் வழிகாட்டுதலில், ஹ்யூகோ குரோனெக்கரின் உடலியல் ஆய்வகத்தில் விலங்குகளின் மண்டையோட்டில் சிறு கண்ணாடிச் சன்னல் ஒன்றைப் பொருத்தினார். உள்ளே உப்புநீரைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றியபோது மூளையின் மேற்பரப்பு வெளிறியது. உடனே உடலின் இரத்த அழுத்தம் அந்த அழுத்தத்தைத் தாண்டும் அளவுக்கு உயர்ந்தது. இரத்தம் மீண்டும் பாய்ந்தது. உப்புநீரை மேலும் செலுத்தினால் இரத்த அழுத்தமும் மேலும் ஏறியது. மண்டைக்குள் கட்டியோ கசிவோ நெருக்கும்போது இரத்த அழுத்தம் ஏறி, நாடி தணிந்து, மூச்சு தடுமாறும் அந்த நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது. அவருக்கு முன்பே சிலர் இதன் பகுதிகளைக் கண்டிருந்தார்கள் என்று பூசல் எழுந்தது. அது எனக்கு முக்கியமில்லை. முக்கியமானது, அங்கே ஏறிய இரத்த அழுத்தம் நோயன்று, பட்டினி கிடக்கும் மூளைக்கு இரத்தத்தைச் சேர்க்க உடல் படும் பாடு என்பதை அவர் காட்டியதுதான். காரணம் தெரியாமல் அந்த எண்ணை மட்டும் இறக்குகிறவர் மூளையின் கடைசிப் பிடியைத் தளர்த்துகிறார்.

1901-இல் இத்தாலியின் பாவியா நகருக்குப் போனார். மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இல் வடிவமைத்த, கையில் பட்டை கட்டிப் பாதரச உயரத்தைப் பார்க்கும் கருவி அங்கே நோயாளிகளின் படுக்கையருகே அன்றாடம் பயன்பட்டதைக் கண்டு, ஒன்றை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் வைத்த தாளில் நாடிக்கும் மூச்சுக்கும் பக்கத்தில் மூன்றாவது கோடாக இரத்த அழுத்தம் சேர்ந்தது. பாஸ்டனிலோ, ஹார்வர்டு மருத்துவப் பள்ளி அமைத்த குழு இந்தக் கருவியைச் சோதித்துவிட்டு, இரத்த ஓட்டத்தின் நிலையை அறியத் தேர்ந்த மருத்துவரின் விரலே மேல் என்று முடிவுசெய்தது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். தங்கள் விரலை நம்பியவர்கள். ஆனால் விரல் அறிந்தது விரலோடு போய்விடும். நேற்று எவ்வளவு இருந்தது, இன்று எவ்வளவு ஏறியது என்பதை அடுத்து வரும் மருத்துவருக்கு அது சொல்லாது.

இதில் நான் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் என் தாய்மாமா. சிறுவயதில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனவர். அறுபதைத் தாண்டியபின் அவருக்குக் காலையில் எழுந்தவுடன் தலைவலி வந்தது, சில நாட்களில் வாந்தியும் வந்தது. போன இடத்தில் எல்லாம் அழுத்தம் பார்த்தார்கள், ஏறியிருந்தது, "பிரஷர் தலைவலி" என்றார்கள், மாத்திரையைக் கூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர், புதிய சீட்டு. ஒரு நாள் காலையில் அவரால் வலக்கையை உயர்த்த முடியாமல் போன பிறகுதான் தலையை ஸ்கேன் செய்தார்கள். கட்டி பெரிதாக இருந்தது. அவர் போன பிறகு அத்தை எல்லாச் சீட்டுகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் அவற்றைத் தேதிவாரியாக மேசையில் பரப்பினேன். அழுத்தத்தின் எண் எல்லாச் சீட்டிலும் இருந்தது. நாடித்துடிப்பு ஒருசிலவற்றில் மட்டும் இருந்தது. காலை வாந்தி ஒரே ஒரு சீட்டில் இருந்தது. இரத்த அழுத்தம் அவருக்குத் தனியாகவே இருந்திருக்கலாம், அந்த வயதில் பலருக்கும் இருக்கிறது. கட்டிதான் அதை ஏற்றியது என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்தச் சீட்டுகளை ஒரே மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த முதல் மனிதன், மருத்துவம் படிக்காத நான் என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, இதயத் துறை, மூளைத் துறை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பிரிவு மருத்துவமனைக் கட்டடத்துக்கு உரியது. ஒரு தளத்தில் இதயம், இன்னொரு தளத்தில் மூளை என்று வைத்தால் நிர்வாகம் செய்ய எளிது, அவ்வளவுதான். குஷிங் மூளைக்கட்டி அறுவையில் வென்றதே இரத்தத்தை அறிந்ததால்தான். மண்டையோட்டைத் திறந்தால் இரத்தப்போக்கிலேயே நோயாளி போய்விடுவார் என்று அஞ்சிய காலத்தில், 1911-இல் சிறு வெள்ளிக் கவ்விகளால் குழாய்களை நெரித்தார்; 1926-இல் இயற்பியலாளர் வில்லியம் போவியின், திசுவை வெட்டிச் சுட்டு இரத்தத்தை நிறுத்தும் மின்கருவியைக் கொண்டு, இரத்தப்போக்கால் பாதியில் நிறுத்தியிருந்த கட்டியொன்றைத் திரும்பப் போய் எடுத்தார்; 1931-இல் இரண்டாயிரமாவது மூளைக்கட்டியை அடைந்தபோது இறப்பு விகிதத்தைப் பத்து சதவீதத்துக்கும் கீழே இறக்கியிருந்தார். அவற்றில் பல புற்றுநோய் அல்ல. மூளையுறையில் வளரும் மெனிஞ்ஜியோமா போன்றவை பெரும்பாலும் தீங்கற்றவை, அந்தப் பெயரையும் அவர்தான் வைத்தார். மூளையின் துணைச் செல்களிலிருந்து எழும் கிளையோமாக்களை (கிளையோபிளாஸ்டோமா இவற்றுள் ஒன்று) சக மருத்துவர் பெர்சிவல் பெய்லியோடு சேர்ந்து 1926-இல் வகைப்படுத்தியபோது, எந்த வகைக்காரர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதையும் உடன் வைத்தார். அது முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆயிற்று என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருந்ததுதான். பிற்காலத்தில் அதைக் காத்தவர் லூயிஸ் ஐசன்ஹார்ட். குஷிங்கிடம் செயலராக வந்து, பிறகு மருத்துவம் படித்துத் திரும்பிய பெண்மணி. அவரைப் பற்றி நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

இதயத்தையும் அவர் விடவில்லை. 1908-இல் நாய்களின் இதய வால்வு நோயைப் பற்றி எழுதி, வால்வுக்கு அறுவை செய்யும் காலம் வரலாம் என்றார். அவரிடம் பயின்ற எலியட் கட்லர் 1923-இல் பாஸ்டனில் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் இதயத்தில் இடப்பக்கமுள்ள மைட்ரல் வால்வை அறுவை செய்தார். அந்தச் சிறுமி நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். குஷிங் ஓயாமல் புகைபிடித்தவர். கால்களின் இரத்தக் குழாய்கள் அடைபட்டு நடக்கவே அவதிப்பட்டு, 1939 அக்டோபரில் மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மூளையின் மூன்றாம் அறையில் ஒரு சிறு நீர்க்கட்டி இருந்தது.

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். கட்டி தனக்கென இரத்தக் குழாய்களை முளைக்கவைக்கும் புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தை, திரும்ப வந்த கிளையோபிளாஸ்டோமாவுக்கு அமெரிக்கா 2009-இல் அனுமதித்தது. புதிதாக நோய் கண்டவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-இல் வந்தன. நோய் முற்றாமல் இருந்த காலம் நீண்டது, ஆயுள் நீளவில்லை. இதே மருந்து பலருக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, இரத்த உறைவையும் இதயத் தளர்ச்சியையும்கூட உண்டாக்கலாம். ஏனெனில் அந்தப் புரதம் கட்டிக்கு மட்டும் உரியதல்ல, நீங்கள் இதுவரை ஆராய்ந்த இரத்தக் குழாயின் உட்சுவரும் அதை நம்பியே வாழ்கிறது. இதைப் புரிந்துகொள்ள உங்களைவிடத் தகுதியானவர் அந்தத் திட்டத்தில் யார் இருக்கப் போகிறார்கள்? நண்பர்கள் சொல்லும் ஆறும் சேறும் இங்கே இல்லை.

சேருங்கள். ஆனால் சேரும் முன் நெறியாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்த நோயாளிகளின் ஸ்கேன் முடிவுகளும், அதே நாட்களில் எடுத்த இரத்த அழுத்தமும் நாடியும் ஒரே கேஸ் ஷீட்டில் இருக்கின்றனவா, அல்லது இரண்டு தளங்களில் இரண்டு கோப்புகளாகக் கிடக்கின்றனவா? இரண்டாகக் கிடந்தால், வேறெதையும் தொடங்கும் முன் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.