மறுபடியும் அதே சண்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

'தி சோப்ரானோஸ்' என்ற அமெரிக்க மாஃபியாத் தொடரில் ஐந்து சீசன் முடித்துவிட்டேன், பொறுமையும் முடிந்துவிட்டது. மாஃபியாத் தலைவன் டோனி மனநல மருத்துவரிடம் போகிறான், புலம்புகிறான், வெளியே வந்து யாரையாவது அடிக்கிறான். மனைவி கார்மெலா கோபித்துக்கொள்கிறாள், நகை வருகிறது, சமாதானமாகிவிடுகிறாள். யாரும் வளரவே இல்லை. 'பிரேக்கிங் பேட்' தொடரில் வால்டர் எப்படி மாறுகிறார்! கனவுக் காட்சிகள் வேறு கொட்டாவி. இப்போதெல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓட்டுகிறேன். ஆறாவது சீசனையும் பார்க்கத்தான் வேண்டுமா?

தங்கள் வாசகி,
எஸ்.

அன்புள்ள எஸ்,

கார்மெலாவைப் பற்றி எழுதவேண்டும் என்று சில நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் கிளப்பிவிட்டது. வால்டரை விடுங்கள், அவர் மாறாவிட்டால் அங்கே கதையே இல்லை. கனவுகளுக்காகவும் உங்களோடு மல்லுக்கு நிற்கப்போவதில்லை. ஆனால் 'நகை வருகிறது, சமாதானமாகிவிடுகிறாள்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாவது சீசனில் அவள் கிராகோவர் என்ற மருத்துவரிடம் போவாள், ஞாபகம் இருக்கிறதா? டோனியின் மருத்துவர் மெல்ஃபிக்குப் பாடம் எடுத்தவர். வயதானவர், மழுப்பத் தெரியாதவர். பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்புங்கள் என்கிறார். அவளிடம் கட்டணம்கூட வாங்க மறுக்கிறார், அது ரத்தம் படிந்த பணம். யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று இனி உங்களால் சொல்லமுடியாது என்கிறார். அவள் வீட்டுக்கு வந்து என்ன செய்தாள்? மகள் படிக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 50,000 டாலர் நன்கொடை தந்தே ஆகவேண்டும் என்று கணவனிடம் அடம்பிடித்தாள். வாங்கியும் விட்டாள்.

நான்காவது சீசன் முடிவில் அவனை வீட்டைவிட்டே துரத்தினாள். ஐந்தாவதில் திரும்பச் சேர்த்துக்கொள்ள அவள் கேட்டது, வீடு கட்டி விற்க ஒரு மனை. 600,000 டாலர்.

சண்டை ஒன்றேதான், சரி. ஆனால் முதலில் தெரியாத மாதிரி இருந்தாள், பிறகு முகத்துக்கு நேரே ஒருவர் சொல்லியும் இருந்தாள், கடைசியில் விலை பேசி இருக்கிறாள். இது வளர்ச்சி இல்லையா? கதாபாத்திரம் வளர்வது என்றாலே திருந்துவதுதான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

சோம்பேறித்தனமாகத் திரும்பத் திரும்ப வரும் சண்டைகளும் உண்டு. போன வாரம் அடித்துக்கொண்டதே இந்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த மாதிரித் தொடர்களைத் தாராளமாக ஓட்டிவிடுங்கள்.

இங்கே அப்படியா? மனை பேசி முடிக்கும் அதே எபிசோடில்தான் டோனி கும்பலில் ஒருவனின் காதலி ஏட்ரியானாவைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொல்கிறார்கள். எபிசோட் முடியும்போது டோனியும் கார்மெலாவும் மனையைப் பார்க்கப் போகிறார்கள். அங்கேயும் சுற்றிலும் மரங்கள். டோனிக்கு எல்லாம் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் ஓட்டினீர்களா அம்மா?

ஆறாவது சீசன் 21 எபிசோட். அதில் டோனியின் ஆள் வீட்டோவின் கதை கொஞ்சம் இழுவைதான், ஒத்துக்கொள்கிறேன். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கிராகோவர் காட்சிக்குத் திரும்பிப் போங்கள், சாதாரண வேகத்தில். கார்மெலா பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களைத்தான் நீங்கள் வேகம் கூட்டித் தின்றிருக்கிறீர்கள்.