இன்ஜினைப் பிரிக்கும் முன் எழுதி வாங்குங்கள்

வாகனம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற வாகனச் சேத மதிப்பீட்டாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்களுடையது ஆறு வருடப் பழைய சிறிய பெட்ரோல் கார். திண்டிவனத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். பில் 5,400 ரூபாய். நான்காம் நாள் குடும்பத்தோடு திருச்சிக்குப் போனபோது, பெரம்பலூரை நெருங்குகையில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. என் கணவர் ஓரம் கட்டுவதற்குள் கடகடவென்று சத்தம் வந்து இன்ஜின் நின்றுவிட்டது. வேறு வழி தெரியாமல் லாரியில் ஏற்றி அதே சென்டரில் கொண்டுவந்து விட்டோம். 92,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால் தவறு எங்களுடையதாம். இன்ஜினைப் பிரிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
- வாசகி, திண்டிவனம்

பதில்: போடாதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் இதைத்தான் சொன்னேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

இந்த வழக்கின் முழு பலமும் இப்போது உங்கள் காரின் அடிவயிற்றில் இருக்கிறது. இன்ஜினைக் கழற்றிக் கழுவிவிட்டால் அது சாக்கடையில் போய்விடும். பிறகு நீங்கள் ஒன்று சொல்வீர்கள், அவர்கள் ஒன்று சொல்வார்கள். சேத மதிப்பீட்டாளராக வேலை பார்த்த காலம் முழுவதும் நான் பார்த்துப் பார்த்து நொந்தது இதைத்தான். நியாயம் வண்டிக்காரர் பக்கம் இருக்கும், சாட்சி மட்டும் ஆயில் டப்பாவோடு குப்பைக்குப் போயிருக்கும்.

ஆயில் மாற்றிய சில நாளில் ஆயில் முழுதும் ஒழுகிப்போனால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, ஆயில் தொட்டியின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட். அதைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம், வாஷரை மாற்றாமல் பழையதையே போட்டிருக்கலாம், அல்லது அளவுக்கு மீறி முறுக்கி மரையைக் கெடுத்திருக்கலாம். இரண்டாவது ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மேலே பொருத்தினால் வளையத்தின் மேல் வளையம் உட்காரும். வேலை முடித்த மறுநிமிடம் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் ஆயில் அழுத்தம் ஏறியதும் பீய்ச்சிவிடும்.

ஆயில் எங்கிருந்து புறப்பட்டது என்பதை ஒழுகிய தடமே காட்டிக்கொடுக்கும். வண்டி முன்னே போகும்போது காற்று ஆயிலைப் பின்னோக்கித்தான் இழுக்கும். ஆகவே நனைந்திருக்கும் பகுதியில் ஆக முன்னாலும் ஆக மேலேயும் ஈரம் தொடங்கும் இடம்தான் ஒழுகிய இடம். காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி உங்கள் எதிரிலேயே அடியிலிருந்து படமும் வீடியோவும் எடுங்கள். ஆயில் தொட்டியில் நசுங்கலோ கல்லடியோ இல்லை என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். 'வேகத்தடையில் அடி வாங்கியிருக்கிறது' என்பதுதான் அவர்கள் அடுத்துச் சொல்லக்கூடிய காரணம். அதற்கான பதில் இப்போதே உங்கள் கையில் இருக்கட்டும்.

மீதமிருக்கும் ஆயிலை வடித்து அளக்கச் சொல்லுங்கள். உங்கள் கார் போன்ற சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் மூன்று, மூன்றரை லிட்டர் பிடிக்கும். பில்லில் எத்தனை லிட்டருக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பதையும், இப்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். நான்கு நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் காணாமல்போனால் அதைத் தேய்மானம் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, கடிதம். வாய்வார்த்தை போதாது. இந்த அளவில் எழுதினால் போதும்:

'இன்ன தேதியில், இன்ன ஜாப் கார்டு எண்ணில், இத்தனையாவது கிலோமீட்டரில் தங்களிடம் ஆயில் மாற்றினேன். இத்தனை கிலோமீட்டர் ஓடிய பின் ஆயில் ஒழுகி இன்ஜின் நின்றது. நான் எழுத்தில் சம்மதம் தரும்வரை இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. வடிகால் போல்ட், வாஷர், ஃபில்டர் ஆகியவற்றையும் மீதி ஆயிலையும் அப்படியே பாதுகாக்க வேண்டும். பிரிக்கும்போது நானும் என் மதிப்பீட்டாளரும் உடனிருப்போம்.'

மின்னஞ்சலிலும், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் தபாலிலும் அனுப்புங்கள். அனுப்பிய பின்பு அவர்கள் பிரித்துவிட்டால் அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சியாகும்.

மதிப்பீட்டாளர் என்று நான் சொல்வது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் உரிமம் பெற்ற, மோட்டார் பிரிவைச் சேர்ந்த சர்வேயரை. தனியாரும் கட்டணம் கொடுத்து அவரிடம் அறிக்கை வாங்கலாம். இன்ஜினைப் பிரித்ததும் அவர் முதலில் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளைத்தான் பார்ப்பார். ஆயில் இல்லாமல் உராய்ந்த பேரிங்கில் உலோகம் இழுபட்டு வழிந்திருக்கும், சூட்டில் கருத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்து சூடேறிய இன்ஜினில் சேதம் பெரும்பாலும் மேலே ஹெட் பக்கம் தொடங்கும். பழைய வண்டி என்ற பொதுவான சாக்கை, ஒரே பக்கத்தில் அடங்கும் இந்த அறிக்கை உடைத்துவிடும்.

இனி அந்தச் சிவப்பு விளக்கு. அது ஆயிலின் அளவு குறைந்தால் எரியும் விளக்கு அல்ல. ஆயில் அழுத்தம் விழுந்த பிறகு எரிவது. அப்போதே பேரிங்குகள் பட்டினி கிடக்கத் தொடங்கியிருக்கும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டும் நேரத்திற்குள்ளேயே இன்ஜின் கெட்டுவிடக்கூடும். விளக்கு எரிந்ததும் நிறுத்தினோம் என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அதற்கு வழி இருக்கிறது. விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை சுங்கச்சாவடிகளை நீங்கள் கடந்த நேரம் ஃபாஸ்டேக் கணக்கில் பதிவாகியிருக்கும். வண்டி நின்றதும் யாருக்கு முதலில் போன் செய்தீர்கள், லாரிக்காரர் எத்தனை மணிக்கு ரசீது போட்டார் என்பதையும் அதோடு சேர்த்து வையுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: விளக்கு எரியும்படி ஆயிலை ஒழுகவிட்டது யார்?

உங்கள் காப்பீடு இதற்கு உதவாது. சாதாரண வாகன பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. கேட்க வேண்டிய இடம் சர்வீஸ் சென்டர்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வரை விஷயம் போனாலே சிலர் இறங்கி வருவார்கள். மசியவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்குப் போங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, உங்கள் பில்லோ 5,400 ரூபாய். பழுதுபார்க்கும் செலவு, லாரி வாடகை, சர்வேயர் கட்டணம், இடையில் வாடகைக் காருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் ரசீதோடு கேளுங்கள். மூன்று முதல் ஐந்து மாதத்திற்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமாகவே இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. 'பணம் கட்டினால்தான் வண்டி' என்று அவர்கள் நின்றால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அவர்களுக்கு ஓர் உரிமை தந்திருப்பது உண்மை. ஆனால் அது நீங்கள் சொல்லி அந்த வண்டியில் செய்து முடித்த வேலைக்கான கூலிக்கு மட்டும். நீங்கள் சம்மதிக்காத வேலைக்காக வண்டியைப் பிடித்துவைக்க முடியாது. அவசரத்துக்குக் கட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால், பில்லின் மேலேயே 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நகல் எடுத்துக்கொண்டு கட்டுங்கள்.

கேள்வி: சர்வீஸுக்கு விட்ட என் காரை அங்கிருந்த பையன் ஓட்டிப் பார்க்க எடுத்துச் சென்று ஆட்டோவில் மோதிவிட்டான். பம்பர், ஹெட்லைட், பானெட் எல்லாம் போய்விட்டன. 'உங்கள் இன்சூரன்ஸில் போட்டு இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்' என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகர், கோவை

பதில்: அது இலவசம் அல்ல. உங்கள் பணம்.

கணக்கைப் பாருங்கள். கோரிக்கை வைத்தால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். வருடக்கணக்கில் விபத்தில்லாமல் ஓட்டி 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை சேர்த்த தள்ளுபடி அது. அடுத்த புதுப்பித்தலில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டாயக் கழிவாக 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் உங்கள் பங்கு. தேய்மானக் கழிவை ஈடுகட்டும் கூடுதல் பாதுகாப்பு பாலிசியில் இல்லை என்றால், பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியைக் காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கொள்ளும்.

ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும். பையன் சோதனைக்காகவே எடுத்துப்போனானா என்பதையும் விசாரியுங்கள். டீ குடிக்கவோ வேறு வேலைக்கோ எடுத்துப்போயிருந்தால் 154-ஆம் பிரிவு வருகிறது. அனுமதித்த நோக்கத்தை மீறிப் பயன்படுத்தியவர், அப்போது ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பு. விடும்போது ஜாப் கார்டில் குறித்த கிலோமீட்டரும் இப்போதுள்ள கிலோமீட்டரும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆகவே அவர்கள் சொந்தச் செலவில் சரிசெய்து தரட்டும். உங்கள் காப்பீட்டில்தான் போட வேண்டும் என்றால், இழக்கும் போனஸையும் கழிவுகளையும் தாங்களே தருவதாக சர்வீஸ் சென்டரின் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரட்டும். எந்தப் பாகமும் ஒட்டுப்போடாமல் புதிதாக மாற்றப்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த ஆட்டோதான். அதில் யாருக்காவது காயமா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. காயம் என்றால், வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் உங்கள் பெயருக்கே வரும். ஓட்டியவனுக்கு செல்லத்தக்க உரிமம் இருந்ததா என்பதைப் பொறுத்துக் காப்பீட்டு நிறுவனம் பின்வாங்கப் பார்க்கும். பையனின் ஓட்டுநர் உரிம நகலை இன்றே வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவலும் இன்றே போகட்டும். சேதத்துக்குக் கோரிக்கை வைப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம், தகவல் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டோக்காரரையும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அவருடைய பிழைப்பும் அங்கே நின்றுபோயிருக்கிறது.

கேள்வி: பட்டறையில் இரவு நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரைத் தெருவில் விட்டிருக்கிறார்கள். காலையில் முன்பக்க பேனல் உடைந்து, கண்ணாடி காணாமல்போயிருக்கிறது. 'வாகனம் உரிமையாளரின் பொறுப்பில்' என்று ஜாப் கார்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள்.
- வாசகர், மதுரை

பதில்: அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் கார் 1998-இல் திருடுபோனது. நிறுத்துமிடச் சீட்டில் இதே போன்ற வாசகம் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வண்டியை ஒப்படைத்துக்கொண்ட பிறகு தன் ஊழியர்களின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து, அச்சிட்ட ஒரு வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டறைக்கும் இந்த வாதத்தை நீங்கள் வைக்கலாம். பூட்டிய கொட்டகைக்குள் இருக்க வேண்டிய வண்டி ஏன் தெருவில் நின்றது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லட்டும். எதிர்க்கடையில் கேமரா இருந்தால் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் சொந்த ஆட்டோ ஓட்டுகிறேன். இன்ஜின் வேலை பார்த்த ஒரு வாரத்தில் ஆயில் குடிக்கிறது, புகை கக்குகிறது. மெக்கானிக் பில் தரவில்லை. வாடகை வண்டிக்கு நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறார்களே?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: போடலாம். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை நுகர்வோராகச் சட்டம் ஏற்பதில்லை என்பது சரி. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துபவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. நீங்களே ஓட்டும் உங்கள் ஒரே ஆட்டோ அதில் அடங்கும். பில் இல்லாவிட்டாலும் ஜிபே செய்த பதிவு, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்தி, உதிரிபாகக் கடை ரசீது எல்லாம் சாட்சிதான். போனை மாற்றினாலும் அவற்றை அழிக்காதீர்கள்.

ஆனால் வழக்குக்கு முன்பு ஒன்று செய்யுங்கள். ஆட்டோ மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் உங்களைப் போலவே அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவர்கள். பிஸ்டன் ரிங் தவறாகப் பொருந்தியதா, சிலிண்டரைக் குடைந்து போர் செய்த லேத் பட்டறையில் அளவு தவறியதா, பாகமே மட்டமானதா என்று பார்க்காமல் அவர்மேல் பாய்வது நியாயமில்லை. இருவருக்கும் பொதுவான மூத்த மெக்கானிக் ஒருவரை வைத்து, அவர் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். லேத்தில் தவறு என்றால் போர் அளவை மைக்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே அங்கே போங்கள். உங்கள் மெக்கானிக் பொருத்தியதில் தவறு என்றால் கூலி வாங்காமல் திரும்பச் செய்து தரச் சொல்லுங்கள், அந்த நாட்களின் வருமானத்தையும் பேசி வாங்குங்கள். ஒப்புக்கொண்டதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தபடி அவர் செய்யவில்லை என்றால் அந்தத் தாளோடும் மூத்த மெக்கானிக்கின் சாட்சியோடும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.