காய்ச்சலைப் பற்றி உங்கள் மகள் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

மருத்துவ நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காத மகளின் எதிர்காலம் குறித்த உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஆறுதலோடு நிறுத்திக்கொண்டால் அது உங்கள் மகளுக்கு நான் இழைக்கும் அநீதியாகிவிடும். இருமுறை தேர்வெழுதியும் இடம் கிடைக்காத பெண்ணைக் கடன்பட்டாவது மருத்துவத்தில் சேர்க்கச் சொல்லும் உறவினர்களில் ஒருவர்கூட அந்தக் கடனில் பங்கேற்கப் போவதில்லை.

என்னுடனான சென்ற ஆலோசனைச் சந்திப்பில் அவள் கேட்டாள்: "காய்ச்சலில் உடம்பு சூடாவது வைரஸை அடக்கவா, அல்லது அதுவும் வைரஸின் வேலையா?" மருத்துவருக்கு நோயாளியைக் குணப்படுத்துவதே முதல் வேலை, இந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்டவர்கள் வைரஸ் ஆய்வாளர்கள்.

அவர்கள் மனித செல்களை 37 டிகிரி செல்சியஸில் வளர்த்து, இரண்டு தட்டுகளில் ஒரே அளவு வைரஸை இட்டு, ஒன்றை அதே வெப்பத்திலும் மற்றதை 39 அல்லது 40 டிகிரியிலும் வைக்கிறார்கள். பிறகு இரண்டிலிருந்தும் திரவத்தை எடுத்து, பலமுறை நீர்க்கச் செய்து, புதிய செல்கள்மீது விட்டுச் சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஏற்றினால், செல்கள் மடிந்த இடங்கள் மட்டும் நிறமற்ற புள்ளிகளாகத் தெரியும். அவற்றை எண்ணினால் எந்தத் தட்டில் வைரஸ் அதிகம் பெருகியது என்பது தெரிந்துவிடும். போலியோ வைரஸின் பெருக்கம் இப்படி வெப்பம் ஏறும்போது குறைவதைக் கண்ட பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் ஆந்த்ரே லுவோஃப் (1965இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்) காய்ச்சல் உடலின் தற்காப்பு என்று வாதிட்டார்.

ஆனால் வெப்பம் எப்போதும் நம் பக்கம் நிற்பதில்லை. சூடேறிய செல், குலைந்த புரதங்களைச் சீராக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை மிகுதியாக உருவாக்குகிறது. அவற்றுள் ஒன்றான எச்.எஸ்.பி.90ஐ இன்ஃப்ளூயன்சா வைரஸ் தன்னை நகலெடுக்கும் நொதியை ஒன்றுசேர்க்கப் பயன்படுத்திக்கொள்கிறது. நரம்பு செல்களில் உறங்கும் ஹெர்பிஸ் வைரஸோ காய்ச்சலின்போது விழித்து உதட்டில் கொப்புளமாக வெளிப்படலாம்.

உங்கள் மகள் இத்தகைய வைரஸ் ஆய்வாளராக, நுண்ணுயிரியல் அல்லது உயிர்வேதியியலில் இளநிலை, ஆய்வேட்டுடன் முதுநிலை, அதன்பின் முனைவர் பட்டம் என்பது வழக்கமான வழி. இது நீண்டது, நிரந்தரப் பணியிடங்களும் குறைவு. விடுமுறை நாளிலும் செல்களுக்கு ஊட்டக் கரைசலை மாற்றியாக வேண்டும். எனினும் முனைவர் படிப்புக்கு உதவித்தொகை தரும் இடங்கள் பல உண்டு என்பதால், அந்தக் கட்டத்தில் கடன் வாங்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இளநிலையிலும் கவர்ச்சியான பெயருக்காக அதிகக் கட்டணம் கட்டாதீர்கள். செல் வளர்ப்பு ஆய்வகத்தில் மாணவர்கள் தங்கள் கையாலேயே வேலை செய்கிறார்களா என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு அவளைத் தனியாக அனுப்புங்கள்.