அமெரிக்கப் பள்ளிச் சட்டமும் சிவில் உரிமை அமைப்புகளும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அக்கா, தேர்வு என்றாலே ஏழைப் பிள்ளைகளை வடிகட்டும் வேலை என்றுதான் இங்கே பேசுகிறோம். அமெரிக்காவில் உரிமை அமைப்புகளே ஆண்டுத் தேர்வு வேண்டும் என்கிறார்களாமே? (கல்லூரி மாணவர், மதுரை)

அந்தத் தேர்வில் எடைபோடப்படுவது பள்ளிதான். மதிப்பெண் குறைந்த பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும்படி கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. 1965இல் ஜனாதிபதி ஜான்சன் கொண்டுவந்த சட்டம் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தால் பிள்ளைகள் தேறினார்களா என்று கேட்கத்தான் சரியான வழி இல்லாமல் இருந்தது. 2002இல் புஷ் கையெழுத்திட்ட 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம் 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்பிலும், உயர்நிலையில் ஒரு முறையும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கச் சொன்னது. முடிவுகளை இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்கும் நிலை என்று பிரித்து வெளியிடவும் சொன்னது.

இந்தப் பிரித்துக் காட்டலில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கற்பனைப் பள்ளி: 400 பிள்ளைகள், 320 பேர் தேர்ச்சி. 80 சதவீதம், நல்ல பள்ளி என்று சொல்லிவிடுவோம். அதில் கறுப்பினப் பிள்ளைகள் 60 பேர், தேறியது 24 பேர். அதாவது 40 சதவீதம். மொத்தக் கணக்கு மட்டும் போதும் என்றால், தேறாத அந்த 36 பேரைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் சமூகநீதி பேசுகிறவர்கள் கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பிக் கேட்கிறார்கள். அங்கே மட்டும் மத்திய அரசின் பிடி வேண்டும் என்பது ஏன்? (வழக்கறிஞர், கோவை)

அவர்களுடைய அனுபவம் வேறு. 1957இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள், அதுவரை வெள்ளையர் மட்டும் படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய முடியாதபடி மாநில ஆளுநர் ஃபாபஸ் காவல் படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்பிய பிறகுதான் பிள்ளைகள் முறையாக உள்ளே போனார்கள். 'மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும்' என்று யாராவது சொன்னால், அங்குள்ள பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசல்தான். இங்கே மாநில உரிமை சமூகநீதிக்குத் துணை நின்றது, அங்கே அதே வாதம் நிறப் பிரிவினைக்குக் கேடயமாக இருந்தது.

ஆனால் அந்த 2002 சட்டம் தோற்றுப்போனது என்கிறார்களே? (ஆசிரியை, திருச்சி)

2014க்குள் 100 சதவீதத் தேர்ச்சி என்று எழுதிவைத்தால் வேறென்ன நடக்கும்? தேர்வுக்கு வராத பாடங்களின் நேரம் சுருங்கியது. அட்லாண்டாவில் பிள்ளைகளின் தவறான விடைகளை மாற்றி எழுதி மோசடி செய்த வழக்கில் 2015இல் 11 கல்வித்துறை ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்த இலக்கும், அதை எட்டாத பள்ளிகளைத் தண்டித்ததும் தவறு என்பது சரிதான். அதற்காகக் கணக்கெடுப்பையே விட்டுவிட வேண்டும் என்பதை ஏற்க முடியாது.

உரிமை அமைப்புகள் எல்லாம் ஒரே குரலில் பேசினவா?

இல்லை. 2015 வசந்தத்தில் நியூயார்க் மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு மாணவர் தேர்வைப் புறக்கணித்தார். அந்த மே மாதம் லீடர்ஷிப் கான்ஃபரன்ஸ் (சிவில் உரிமை அமைப்புகளின் கூட்டமைப்பு), என்.ஏ.ஏ.சி.பி. (கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு) உள்ளிட்ட 12 அமைப்புகள் புறக்கணிப்பை எதிர்த்து அறிக்கை விட்டன. வசதியுள்ளவர்கள் விலகினால் தங்கள் பிள்ளைகளின் நிலையைக் காட்டும் கணக்கும் சேர்ந்து கெடும் என்பது அவர்கள் கவலை. ஆனால் என்.ஏ.ஏ.சி.பி.யின் சியாட்டில் கிளையே புறக்கணிப்பின் பக்கம் நின்றது. பள்ளி மூடலை எதிர்க்கும் உள்ளூர் அமைப்புகளின் ஜர்னி ஃபார் ஜஸ்டிஸ் கூட்டணியும் இந்தத் தேர்வுகளை எதிர்த்தது. மதிப்பெண்ணைக் காட்டி மூடப்படுவது எங்கள் தெருப் பள்ளிகள்தானே என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பள்ளியை மூடுவது உதவி ஆகாது. இதற்குத் தேசிய அமைப்புகள் போதிய பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

கடைசியில் என்ன கிடைத்தது?

பாதி. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட 'எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ்' சட்டத்தில் ஆண்டுத் தேர்வும் பிரித்துக் காட்டலும் நீடித்தன. ஏழைப் பிள்ளைகளுக்கான கூட்டாட்சிப் பணம் பெறும் பள்ளிகளில் மிகவும் பின்தங்கிய 5 சதவீதத்தையும், மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மாணவர்கள் படிப்பை முடிக்காத உயர்நிலைப் பள்ளிகளையும் மாநிலங்கள் அடையாளம் காண வேண்டும். என்ன செய்து சரிப்படுத்துவது என்பது பெரும்பாலும் மாநிலங்கள் கையில். சட்டம் இன்னும் மசோதாவாக இருந்தபோதே, மாநிலங்களின் இந்தப் பொறுப்பை இறுக்கச் செனட்டர் மர்ஃபி கொண்டுவந்த திருத்தத்துக்கு உரிமை அமைப்புகள் முழு ஆதரவு தந்தன. 43க்கு 54 என்று தோற்றது. பிறகு இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த ஒபாமா நிர்வாகம் எழுதிய விதிகளையும் 2017இல் காங்கிரஸ் ரத்து செய்தது.

நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். 'ஏஷியன்' பிள்ளைகள் எப்போதும் மேலேதான். இது நமக்கு எதற்கு? (ஒரு அம்மா)

அந்த ஒரே பெட்டிக்குள் நம் பிள்ளைகளோடு லாவோஸ், கம்போடிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய சிரமம் நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குள் மறைந்துபோகிறது. தென்கிழக்கு ஆசியர்களுக்கான சீராக் அமைப்பு பெட்டியை இன்னும் பிரிக்கச் சொல்வது இதனால்தான். அப்புறம், உங்கள் பள்ளியின் ஆண்டு அறிக்கை அட்டை இணையத்தில் இருக்கும். மொத்தச் சதவீதத்தோடு நிறுத்தாமல், மாற்றுத்திறன் மாணவர் வரியையும் ஆங்கிலம் கற்போர் வரியையும் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வெறும் குறியீடு இருந்தால், அந்தப் பிரிவில் மாணவர்கள் மிகக் குறைவு என்று மறைத்திருக்கலாம். ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதையும் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும் என்பது சட்டம். பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பள்ளி வாரியக் கூட்டத்தில் கேளுங்கள்.